அஞ்சலாட்சியின் குரலும் பப்பி லினக்ஸும்

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.

அன்புள்ள பூவிழிக்கு,

அமுதவல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பாரிஸில் குளிர் எப்படி? உன் இருமல் தணிந்ததா? போனில் பேசினால், பக்கத்தில் யாரோ வருகிறார்கள் என்று பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

போன வாரம் நம் கம்ப்யூட்டர் கடைக்கு, கனகசெட்டிக்குளத்திலிருந்து கன்னியப்பன் என்ற மீனவர், மனைவி அஞ்சலாட்சியோடு வந்தார். கையில் மகள் படித்த காலத்து லேப்டாப். விண்டோஸ் பாதியிலேயே நின்றுவிடுகிறது. வேறொரு கடையில், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டால்தான் வரும் என்றார்களாம். "இவ கொரலு அதுலதாம்மா இருக்கு. அழிச்சிட்டா எங்க போயி கேக்குறது?" என்றார். அஞ்சலாட்சிக்குப் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார்.

நீ கிளம்பும்போது கொடுத்த பென்டிரைவை எடுத்தேன். விண்டோஸுக்குப் பதிலாக, ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே ஓடுகிற மூன்று வகை லினக்ஸ் போட்டு வைத்திருந்தாயே. முதலில் உபுண்டு. அந்தப் பழைய லேப்டாப்பின் நினைவகம் அதற்குப் போதவில்லை. மின்ட் அழகாக வந்தது, ஆனால் மவுஸை நகர்த்தினால் யோசித்து யோசித்துத்தான் நகர்ந்தது. கடைசியில் பப்பி. நாய்க்குட்டிப் பேர் வைத்தது எந்த வேலைக்கு ஆகும் என்று நான் சிரிக்கும்போதெல்லாம், "சின்னதுதான்டி, ஆனா எங்க வேணா போயிடும்" என்பாய்.

போய்விட்டது, பூவிழி. மொத்தமும் நினைவகத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அந்தக் கிழட்டு லேப்டாப்பைப் புதுசு போல ஓட்டியது. திரையின் அடியில் ஹார்ட் டிஸ்கின் படம் தெரிந்தது. அழுத்தினேன். எல்லாம் அப்படியே இருந்தது. முதலில் நகலெடுத்துவிட்டு, மகள் எடுத்த வீடியோவை ஓட விட்டேன்.

அடுப்படியில் மீன் அலசிக்கொண்டே அஞ்சலாட்சி கத்துகிறார்: "வலையவே பாத்துக்கினு நிக்கிறியே, சோறு ஆறிப்போவுது, வந்து துன்னு." கன்னியப்பன் திரையைப் பார்த்து, "தோ வந்துட்டேன்" என்றார். அஞ்சலாட்சி சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு இன்னொரு முறை போடச் சொல்லிக் கை காட்டினார்.

இந்தப் பென்டிரைவ் என் தோழி பார்த்துப் பார்த்துத் தயார் செய்து வைத்தது என்றேன். அஞ்சலாட்சி உன் படத்தைக் காட்டச் சொல்லிச் சைகை செய்தார். போன் திரையில் உன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

இனி யார் கேட்டாலும் எனக்குப் பிடித்த லினக்ஸ் பப்பிதான். ஆனால் எந்தக் கம்ப்யூட்டருக்கு எது ஒத்துப்போகும் என்று அறிந்து அதை எடுத்து வைத்த உன்னைத்தான் அன்று முழுக்க வியந்துகொண்டிருந்தேன். அங்கே கம்ப்யூட்டரைத் தொட்டே ரொம்ப நாளாகிறது, புகுந்த வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

கடைப் பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடித்தோம். உன் பெயரை எடுத்துவிடலாமா என்று பெயிண்டர் கேட்டார். இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதச் சொன்னேன். நன்றாக இரு, பூவிழி. வரத் தோன்றினால் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காதே, வந்துவிடு.

என்றும் உன்,
அமுதவல்லி