அட்டைப் படகு

அன்பு மகள் ரூலீனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி யோரிட்டும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், கனடாக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். உடம்புக்கு என்றுதான் சொன்னேன், மனசைப் பற்றிச் சொல்லவில்லை. யோரிட் உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பான், மீதியை நான் சொல்கிறேன்.

சின்டர்கிளாஸ் பண்டிகைக்கு யார் யாருக்குப் பரிசு தருவது என்று வகுப்பில் சீட்டுக் குலுக்கியதில் அவனுக்கு ஹனீன் பெயர் வந்தது, சிரியாவிலிருந்து வந்த பெண், கணக்கு வகுப்பில் இவன் பக்கத்தில் உட்காருகிறவள். பரிசை வைக்க அட்டையில் ஒரு படகு செய்தான். இவ்வளவு அக்கறையா என்று பூரித்துப்போய் நானே நீல வண்ணம் பூசிக் கொடுத்தேன். கூட வைக்கும் கவிதையை மட்டும் எனக்குக் காட்டவில்லை. வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, கீழே பரிசு கொண்டுவரும் சின்டர்கிளாஸ் தாத்தாவின் பெயரில்தான் கையெழுத்து, எழுதியது யாரென்று யாருக்கும் தெரியாது, பரிசு பெற்றவரே எல்லார் முன்னாலும் உரக்க வாசிக்க வேண்டும். அந்தப் பெண் வாசித்திருக்கிறாள். வந்த படகு காத்திருக்கிறது, உன் கூட்டத்தோடு ஏறிக்கொள், இங்கே நாற்றம் தாங்கவில்லை என்று, தன் வாயாலேயே. வகுப்பு சிரித்திருக்கிறது. ஆசிரியை எல்லாப் பெற்றோருக்கும் படகின் படத்தை அனுப்பி, இது யார் வீட்டில் செய்தது என்று கேட்டார். நான் பூசிய நீலம் எனக்குத் தெரியாதா. எங்கள் வீட்டில்தான் என்று பதில் எழுதினேன்.

அப்பா வழக்கம்போல, "விடு வில்மா, வயசுப் பசங்க, வேடிக்கைக்குச் செஞ்சிருப்பான்" என்றார். நான் விடவில்லை. சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு ஹனீன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வைத்தேன். தேநீர் கொடுத்தார்கள். அவள் திட்டவில்லை. "நான் விமானத்துலதான் வந்தேன். பக்கத்துலயே உக்காந்திருக்க, ஒரு தடவ கேட்டிருக்கலாமே" என்றாள். பிறகு, யார் சிரிக்கணும்னு எழுதின என்று கேட்டாள். இவன் டைமென், ஸ்வென் என்று வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் பெயரை முனகினான். "அப்புறம் அவங்க குரூப்ல உன்னச் சேத்துக்கிட்டாங்களா?" இல்லை என்று தலையாட்டினான். அவனுக்கு அவள்மேல் வெறுப்பே இல்லை ரூலீன், தனியாக நிற்கத்தான் பயம், கையெழுத்து தன்னுடையது இல்லை என்றதும் கூச்சமும் போய்விட்டது. வெறுப்பு இல்லாமலேயே இதை எழுத முடிந்ததே என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அவள் கேட்டது ஒன்றுதான். "எழுதினது நீதான்னு வகுப்புல சொல்லு. இப்ப நான் எல்லார் மூஞ்சியையும் சந்தேகமாப் பாக்க வேண்டியிருக்கு" என்றாள். தனியாக மன்னிப்புக் கேட்டதே போதும் என்று ஆசிரியை போனில் சொல்லிப் பார்த்தார், அப்பாவும் சொன்னார். போதாது. திங்கட்கிழமை அந்தப் படகைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்று சொல்லத்தான் போகிறான். நான் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நிற்பேன், உள்ளே போக மாட்டேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு, பனி கொட்டும்போது வண்டி எடுக்காதே, ஒரு குறையும் இல்லாமல் நன்றாயிரு. இது உன் கைக்கு வரும்போது அந்தத் திங்கட்கிழமை போயிருக்கும். அவன் போன் செய்தால் எடுத்ததுமே ஆறுதல் சொல்லிவிடாதே, மறக்காமல், அந்தக் கவிதை யார் எழுதியது என்று கேள். நான்தான் என்று அவன் வாயால் சொன்ன பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கொஞ்சிக்கொள், நானும் அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

முத்தங்களுடன்
உன் அம்மா வில்மா