கறி ஆவியும் பீலித் தண்ணீரும்

12 யூலை 1996, கொலோன்

நாளை நானே வாசித்தாலும் நம்பமாட்டாத வரலாறு இது. சத்தியமாக எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒதுக்கிய நிலவறைச் சுவரில் பூஞ்சணம் பிடித்ததற்கு மனைவியின் கறி ஆவியே காரணம், வீட்டை விட்டு எழும்புங்கள் என்று கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் கடிதம் தந்திருந்தார். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இன்றைய மழையில் பார்த்தால், அவருடைய கூரையில் மழைநீர் வடியும் பீலியின் குழாய்தான் எங்கள் சுவரடியில் கொட்டிக்கொண்டிருந்தது. மாலைக்குள் அது அவருடைய நிலவறைப் பக்கம் திரும்பிவிட்டது. அங்கே வெள்ளம் பெருகி, வைன் போத்தல்களுக்கு நடுவே திமிங்கிலமொன்று நீந்தியது.

"பீலித் தண்ணீர்!" என்று வீட்டுக்காரர் அலறினார்.

"கறி ஆவியாக இருக்கும்" என்றேன், என் உடைந்த டொச் மொழியில்.

முகம் சிவந்து, கடிதத்தை என்னிடம் வாங்கிக் கிழித்துப் போட்டார்.

"என்னப்பா, குழாயை நீங்களோ திருப்பினது?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லையப்பா, காத்து."

திமிங்கிலம் பொய். காற்றும் பொய். கிழிந்த கடிதம் மட்டும் மெய், தலையணைக்கடியில் இருக்கிறது.