இதற்கு முன் எடுத்ததுண்டா

ஜூன் 4

என் வீட்டுக்காரருக்கு,

போன வருடம் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவளிடமிருந்து கடிதமா என்று பார்க்காதீர்கள். நம் வாண்டுவுக்கு இடுப்பு வலி, சிறுநீரில் ரத்தம். எப்போதிலிருந்து வலி என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள், அழுத்தக்காரி. வயிற்றில் ஜெல் தடவி எடுத்த ஸ்கேனில் கல் போல ஏதோ தெரிகிறதாம், எங்கே சிக்கியிருக்கிறது என்று தெரியவில்லையாம். டாக்டர் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்தக் கதிர் ஆகுமா? ஆஸ்பத்திரியில் பதினைந்து வருடமாக அந்த மெஷினோடு கிடக்கிறவர் நீங்கள், சொல்லுங்கள்.

இதற்கு முன் சி.டி. எடுத்ததுண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

"தண்ணி குடி, தண்ணி குடி" என்று சொம்பும் கையுமாக அவள் பின்னாலேயே அலைவீர்கள். நான் கேலி செய்வேன். டாக்டரும் இப்போது அதையேதான் சொல்கிறார். மனசு கேட்கவில்லை. மூட்டை முடிச்சோடு இங்கேயே வந்துவிடுங்கள். மாடி அறையைக் காலி செய்து வைக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி

ஜூன் 9

அன்புள்ள உனக்கு,

எடுக்கலாம், பயப்படாதே. கல் எங்கே என்று தெரிந்தால்தான் வைத்தியம் செய்ய முடியும். பிள்ளையின் எடைக்குத் தக்கபடி கதிரைக் குறைத்து வைப்பார்கள். அவர்கள் எடையைக் கேட்காவிட்டால் நீயே சொல்.

படிவத்தைத் திருத்தி எழுது. இரண்டு வருடம் முன் நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது வாண்டு வலியில் சுருண்டு போனாள். டாக்டர் சீட்டு இல்லாமல், எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் நானே சி.டி. எடுத்தேன். அதற்கு முன் படுத்திருந்தவர் ஒரு பெரிய ஆள். அவருக்கு வைத்த கதிர் அளவைப் பதற்றத்தில் குறைக்க மறந்துவிட்டேன். படத்தில் இடது சிறுநீரகத்தில் எள்ளளவு வெள்ளைப் புள்ளி. வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று சும்மா இருந்துவிட்டேன். தண்ணீரைக் குடிக்க வைப்பது ஒன்றுதான் என்னால் முடிந்தது. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தப் படம் உள்ள டிஸ்க்கை இத்துடன் வைத்திருக்கிறேன், டாக்டரிடம் கொடு. மாடி அறை இப்போதும் எனக்குத்தானா என்று ஒரு வரி எழுது.

உன் வீட்டுக்காரர்

ஜூன் 17

வாண்டுவின் அப்பாவுக்கு,

படிவத்தைத் திருத்திக் கொடுத்தேன். ஸ்கேன் எடுத்த பெண் மெஷினைத் தொடுமுன்னே எடை கேட்டாள். இருபத்து மூன்று கிலோ என்றேன். டாக்டர் உங்கள் படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்தப் புள்ளிதான் வளர்ந்து, சிறுநீர் இறங்கும் குழாயில் அடைத்திருக்கிறது. உள்ளே மெல்லிய கருவி விட்டுக் கல்லை உடைத்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஓடி ஆடுகிறாள்.

நீங்கள் மெஷினில் மறந்ததைக்கூடப் பதற்றம் என்று விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்றுத் தலை பின்னும்போது, "அப்பா படம் எடுத்தாராமே, ஏண்டி என்கிட்ட சொல்லலை?" என்றேன்.

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு அப்பா அழுதாரும்மா. அதான், அப்புறம் வலிச்சப்பகூட சொல்லலை" என்றாள்.

மாடி அறையில் அவளுடைய கட்டிலைப் போட்டுவிட்டேன்.

வாண்டுவின் அம்மா