ஆம், இல்லை, தெரியாது

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கீழே லிஃப்ட் பழுது பார்க்க வந்தவனிடம் இரண்டு வார்த்தை சொன்னேன். கதவு உருளையில் எண்ணெய் விடாதே, தூசி ஒட்டும், துடைத்தால் போதும் என்று. "நீங்க யாரு சார்?" என்றான். முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் ஆறு லிஃப்டைப் பழுது பார்த்தவன் என்றேன். "என்ன படிச்சிருக்கீங்க?" என்றான். மேலே வந்துவிட்டேன்.

மாலைக்குள் குடியிருப்புச் செயலாளர் மகனிடம் புகார் சொல்லிவிட்டார். மருமகள்தான் தன் பழைய டேப்லெட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"மாமா, மனசுல ஒரு பொருளை நெனச்சுக்கோங்க. இது கேள்வி கேக்கும். ஆம், இல்லை, தெரியாது, மூணுல ஒண்ணை அமுக்குங்க. இருபது கேள்விக்குள்ள கண்டுபிடிச்சிடும்."

வயசான காலத்தில் கையில் பொம்மை கொடுத்து உட்காரவைக்கிறார்கள்.

மார்ச் 5, புதன்

செருப்பு நினைத்தேன். பதினொரு கேள்வியில் சொல்லிவிட்டது. குடை, ஒன்பதில். பூட்டு, பதினாலில். எரிச்சலாக வருகிறது.

மார்ச் 7, வெள்ளி

இன்று தோற்கடித்தேன். நினைத்தது கதவு. "அது வீட்டுக்குள் இருக்குமா?" என்றது. கதவு உள்ளேயா வெளியேயா? தெரியாது. "ஒரு ஆள் தூக்க முடியுமா?" கீலைக் கழற்றினால் முடியும். ஆம். கடைசியில் "குடமா?" என்று கேட்டு அசடு வழிந்தது.

மருமகள் எட்டிப் பார்த்தாள். "கதவைத் தூக்கலாம்னு யாராவது சொல்வாங்களா மாமா?"

"நான் தூக்கியிருக்கேன்."

"நீங்க இதுகிட்டயும் வம்புக்குப் போறீங்க."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. உள்ளதைச் சொன்னால் வம்பு.

இனி இதற்கு விசாரணை அதிகாரி என்று பெயர்.

மார்ச் 9, ஞாயிறு

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. மகள் தன் தம்பி வீட்டுக்கு வந்து போகிற நாள். நான் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிற நாள். ஆறு வருஷமாக இதுதான் நடைமுறை.

"அப்பா பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுறாரா?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது.

"உள்ளதான் இருக்காரு, நீங்களே கேளுங்க அண்ணி."

அவள் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொல்வேனா?

மார்ச் 11, செவ்வாய்

நெட் இல்லை. ஆட்டமும் இல்லை. சும்மா இருந்தால் மனசு அங்கேதான் போகிறது. எழுதித் தொலைக்கிறேன்.

கதவு பூட்டினால்தான் லிஃப்ட் நகரும். பழுது பார்க்கும்போது மட்டும் கதவைத் திறந்துபோட்டு நகர்த்த வேண்டியிருக்கும். அதற்கு ஒரு சாண் கம்பியைப் பூட்டின் இரண்டு மின்முனைக்கும் குறுக்கே மாட்டுவோம். பூட்டியிருப்பதாக லிஃப்ட் நம்பும். வேலை முடிந்ததும் முதலில் கழற்ற வேண்டியது அந்தக் கம்பி. எவனும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கம்பெனிப் புத்தகத்தை நானே படித்துத் தெரிந்துகொண்டது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், நான் பழுது பார்த்து முடித்த நான்காம் லிஃப்ட் கதவு திறந்தபடியே மேலே போனது. துப்புரவு வேலை செய்கிற அம்மா வாளி வண்டியோடு உள்ளே ஒரு கால் வைத்திருந்தாள். அந்தக் கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கியது. பூட்டில் ஒரு கம்பி மாட்டியிருந்ததாம்.

என் கம்பியை நான் கழற்றிவிட்டேன்.

விசாரணையில் கேள்வி கேட்டவள் என் மகள். பராமரிப்புப் பிரிவுக்கு அவள்தான் பொறியாளர். நான் படிக்கவைத்த படிப்பு. வேறு யாரையாவது கேட்கச் சொல்லியிருக்கலாம் இல்லையா? எல்லார் முன்னாலும், "ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். அப்பா என்று கூப்பிடவில்லை. நாலு கேள்வி.

அன்னைக்கு நாலாம் லிஃப்ட்ல வேலை செஞ்சது நீங்கதானா? ஆமாம்.
பூட்டுக்குக் குறுக்க கம்பி போட்டீங்களா? ஆமாம்.
மேஜைமேல இருக்கிற இந்தக் கம்பி உங்களுதா? இல்லை.
வேலை முடிச்சுக் கம்பியை எண்ணினீங்களா? ஆமாம்.

பராமரிப்பில் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முப்பத்தொரு வருஷம் நாலு வரியில் முடிந்தது. வழியனுப்ப ஒரு நாய்கூட வரவில்லை. கருவிப் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். இன்றுவரை தொடவில்லை.

மார்ச் 13, வியாழன்

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தால் இதைச் சொல்லட்டும் என்று அந்தக் கம்பியை நினைத்தேன். விசாரணை அதிகாரி திணறிப்போனார். "சமையலறையில் இருக்குமா?" "குழந்தைகள் விளையாடலாமா?" இருபதாவதில் "ஊக்கா?" என்றார்.

தோற்றால் அது நம்மிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. உலகமெல்லாம் விளையாடுகிறவர்களிடம் இப்படிக் கற்றுத்தான் வளர்கிறதாம். இதுவும் என்னை மாதிரி, பள்ளிக்கூடம் போகாத ஜாதி. பொருளின் பெயர் கேட்டது. இணைப்புக் கம்பி என்று போட்டேன். அடுத்த தடவை அடையாளம் காண ஒரு கேள்வி எழுதித் தரச் சொன்னது. வெகு நேரம் யோசித்தேன்.

"வேலை முடிந்ததும் மறக்காமல் கழற்ற வேண்டியதா?"

மார்ச் 14, வெள்ளி

அதையே மறுபடியும் நினைத்தேன். எட்டாவதாக என் கேள்வியை என்னிடமே கேட்டது. வேலை முடிந்ததும் மறக்காமல் கழற்ற வேண்டியதா? ஆம். ஒரு மாதிரியாக இருந்தது.

ஒன்பதாவது: "அது உங்களிடம் ஒன்றுக்கு மேல் இருக்கிறதா?"

ஆம் என்று அமுக்கப் போனேன். எப்போதும் இரண்டு வைத்திருப்பேன். நானே செய்தவை, கறுப்புக் கம்பி. மகள் ஐந்தாவது படிக்கும்போது நகப்பூச்சால் ஒன்றில் ஒரு புள்ளி, இன்னொன்றில் இரண்டு புள்ளி வைத்துத் தந்தாள். "இப்ப தொலையாதுப்பா" என்றாள். தினமும் சாயங்காலம் இரண்டையும் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டுத்தான் பையை மூடுவேன்.

இதிலாவது பொய் சொன்னவன் என்று பெயர் வேண்டாம். சரிபார்த்துவிட்டே அமுக்குவோம் என்று பையை இழுத்தேன். துரு வாடை. கூட்டைத் திறந்தேன்.

ஒரு புள்ளி.

பையைக் கட்டிலில் கொட்டினேன். திருப்புளி, குறடு, டெஸ்டர், பிய்ந்த கையுறை. உதறினேன். பையைக் கிழித்தும் பார்த்தேன்.

எண்ணினேனே! எண்ணினேனா? அன்று எண்ணினேனா, இல்லை தினமும் எண்ணுகிறவன் என்பதால் எண்ணியிருப்பேன் என்று... யாராவது பையைத் திறந்திருக்கலாம். யார் திறப்பார்கள்? ஐயோ, யார் திறப்பார்கள்?

திரையில் கேள்வி அப்படியே நின்றது. தெரியாது என்று அமுக்கினேன்.

மார்ச் 15, சனி

மேஜைமேல் இருந்த கம்பியை நான் அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

அவள் பார்த்தாள். புள்ளி வைத்தவள் பார்த்தாள்.

அறிக்கை நகல் அலமாரியில் இருக்கிறது. மறுபடி படித்தேன். "ஒரு கறுப்புக் கம்பி" என்றுதான் எழுதியிருக்கிறாள். புள்ளியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. எழுதியிருந்தால் நான் பொய்யன் என்று அன்றே ஊர் சிரித்திருக்கும். எனக்கு யாரும் பிச்சை போட வேண்டாம்.

ஆனால் போட்டிருக்கிறாள். ஆறு வருஷம் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு அவளைத் திட்டியிருக்கிறேன்.

மார்ச் 22, சனி

மருமகளிடம் டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஜெயிச்சிட்டீங்களா மாமா?"

"உன் அண்ணிக்குப் போன் போடு."

அவள் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்துவிட்டு சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

"மூணாவது கேள்வி," என்றேன். "ஆமாம்."

எந்தக் கேள்வி என்று மகள் கேட்கவில்லை. "தெரியும்ப்பா," என்றாள்.

"அப்ப ஏன் எழுதல?"

"நீங்களே சொல்வீங்கன்னு நெனச்சேன். மேஜைப் பக்கமே நீங்க திரும்பல."

"வேற ஆளைக் கேக்கச் சொல்லியிருக்கலாம் நீ."

"வேற ஆள் கேட்டிருந்தா அந்தப் புள்ளி என்னன்னு கேட்டிருப்பாங்க. நான் செஞ்சதும் தப்புதான். ஒழுங்கா தூங்கி ஆறு வருஷம் ஆகுது. இப்ப ஒண்ணு கேக்குறேன். ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க. அந்தம்மாவைப் போய்ப் பாத்தீங்களா?"

"என் கம்பியே இல்லைன்னு நான் நின்னப்ப எப்படி..."

"ஆமாவா, இல்லையா?"

"இல்லை."

"விலாசம் அனுப்பறேன்." வைத்துவிட்டாள். வச்சிடறேன்ப்பா என்றுகூடச் சொல்லவில்லை.

மார்ச் 24, திங்கள்

சலவைக்கடைக்குப் பக்கத்துக் கட்டடம். மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கினேன். இந்தப் படியில்தான் அந்தம்மா அந்தக் காலோடு தினமும் ஏறி இறங்குகிறாள்.

கதவைத் திறந்தாள். ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது.

"யாருங்க?"

முப்பத்தொரு வருஷக் கணக்கெல்லாம் வாயில் வரவில்லை. "லிஃப்ட் பாக்கிறவன்," என்றேன்.

"இங்க லிஃப்ட் இல்லீங்களே."

கண்ணாடிக் கூட்டைத் திறந்து, இருக்கிற ஒற்றைக் கம்பியைக் காட்டி, இன்னொன்று எங்கே போனது என்று சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதைச் சொல்ல இத்தனை நாளா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

இறங்கும்போது எண்ணினேன். ஐம்பத்து நான்கு படி.