என் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது நீர்தான் என்பது குறித்து

அனுப்புநர்:
மா. தனக்கோடி,
(காலஞ்சென்ற மாதையன் அவர்களின் மனைவி),
கோவிந்தப்பா வரிசை வீடுகள்,
ஹெப்பகோடி, பெங்களூர்.

பெறுநர்:
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்,
பெங்களூர்.

பொருள்: பெற்ற குழந்தையை மறைத்துவிட்டதாக என்மீது எழுந்த சந்தேகம் – விசாரணையின் முடிவைத் தெரிவிக்கவும், வரும் வியாழக்கிழமை என்னுடன் மருத்துவமனைக்குப் பெண் காவலர் ஒருவரை அனுப்பவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதைத் தமிழில் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கன்னடம் பேசுவேன், எழுத வராது. எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் நான் சொன்னதைக் கன்னடத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். நான் பேசியது நெடுநேரம், அவர்கள் எழுதியது நாலு வரி. அதில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆகவே இதை என் கையாலேயே எழுதுகிறேன். தமிழ் தெரிந்தவர் தங்கள் அலுவலகத்தில் இருந்தால் அவரைக் கொண்டு படித்துக்கொள்ளவும். அந்த நிலையத்துக்கு அனுப்பிப் படிக்கச் சொல்ல வேண்டாம்.

2. என் கணவர் லாரி விபத்தில் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்து, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தர்ஷினியை வளர்த்து வருகிறேன். மாசி மாதத்துக்குப் பிறகு எனக்குக் கால் வீங்கியது. சோறு இறங்கவில்லை. உடம்பு மெலிய மெலிய வயிறு மட்டும் ஏறிக்கொண்டே போனது. உடன் வேலை செய்யும் பெண்கள் முதலில் என் வயிற்றைப் பார்ப்பார்கள், பிறகு பொட்டில்லாத நெற்றியைப் பார்ப்பார்கள். வீட்டுக்காரர் கோவிந்தப்பா குழாயடியில் எல்லோர் முன்னும், “ஏனம்மா, புருஷன் இல்லாத வீட்ல இது என்ன கதெ?” என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன். சிரித்தார்.

3. என் கணவரின் தம்பி உத்தமன் தொம்மலூரில் குடியிருக்கிறார், ஆட்டோ ஓட்டுகிறார். அவர்தான் என்னை நகரத்தின் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். டாக்டர் டெஸ்மண்ட் என்பவர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஈரல் கெட்டுப்போச்சும்மா. அதான் தண்ணி கோத்திருக்கு. குடிப்பீங்களா?” என்றார். இல்லை என்றேன். “நெஜமா சொல்லுங்க” என்றார். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உத்தமனிடமும் கேட்டார். இரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான், என்றைக்கோ தெரியாமல் வந்துபோன மஞ்சள் காமாலைக் கிருமி ஈரலைத் தின்றுவிட்டது என்று சொல்லி வருத்தம் தெரிவித்தார்.

என்னைச் சாய்த்துப் படுக்கவைத்து, வயிற்றின் இடது பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு பெரிய ஊசியைச் செருகிக் குழாய் மாட்டினார்கள். வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறத்தில் நீர் இறங்கி, புட்டி புட்டியாக நிறைந்தது. இறங்க இறங்க மூச்சு அடிவரை போய்வந்தது. எழுந்து நின்றபோது என் பாதம் எனக்குத் தெரிந்தது. ஐயா, நான் சிரித்துவிட்டேன். இது குணமில்லை, மறுபடி கோக்கும், மறுபடி வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

4. ஊசி போட்ட இடத்தில் நீர் கசிந்துகொண்டே இருந்ததால் பழைய புடவையை மடித்துக் கட்டியிருந்தேன். அதைக் குழாயடியில் அலசியதை வரிசை வீட்டார் அனைவரும் பார்த்தார்கள். பெரிய வயிற்றோடு போனவள் ஒட்டிய வயிற்றோடு வந்திருக்கிறாள், துணி அலசுகிறாள். அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

காவலர்கள் வந்தார்கள். உதவி ஆய்வாளர், “மகு எல்லி?” என்றார். குழந்தை எங்கே என்று கேட்கிறார். தர்ஷினியைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்றேன். நான் கேலி செய்வதாக எண்ணி லத்தியால் கதவை அடித்தார். பின்னாலுள்ள காலி மனையில் குப்பையைக் கிளறினார்கள், மண் இளகியிருந்த இடத்தைத் தோண்டினார்கள். பள்ளி விட்டு வந்த தர்ஷினி சீருடையோடு கூட்டத்தில் நின்று அதைப் பார்த்தாள். அவர்கள் போன பிறகு என்னிடம், “அம்மா, நெஜமாவே தண்ணிதானா?” என்று கேட்டாள். ஊரார் கேட்டதையெல்லாம் தாங்கிய எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

5. மருத்துவமனைச் சீட்டை நிலையத்தில் காட்டினேன். “இந்த மாதிரி சீட்டு எங்க வேணும்னாலும் சிக்கும்” என்றார் உதவி ஆய்வாளர். மருத்துவமனையைக் கேட்டுப் பாருங்கள் என்றேன், கேட்கவில்லை. மாறாக, தனியார் கிளினிக் ஒன்றுக்கு அழைத்துப்போய், நான் சமீபத்தில் பிள்ளை பெற்றவளா என்று அங்கிருந்த டாக்டரம்மாவைக் கொண்டு சோதித்தார்கள். உண்மை வெளிவரும் என்றே பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். முடிவை என்னிடம் சொல்லவில்லை. நான் குற்றமற்றவள் என்று தெரிந்திருந்தால் அதைச் சொல்ல என்ன தடை? தெரியவில்லை என்றால் அந்தச் சோதனை எதற்கு? முடிவை யாருக்காக ஒளித்து வைத்திருக்கிறார்கள்? போலீஸ் விவகாரம் முடியாமல் வேலைக்கு வரவேண்டாம் என்று தொழிற்சாலையிலும் சொல்லிவிட்டார்கள்.

6. புகார் கொடுத்தவர் பெயரையும் சொல்ல மறுக்கிறார்கள். கோவிந்தப்பா என்றே முதலில் நினைத்தேன். ஆனால் உதவி ஆய்வாளர், “மாசியில கொழுந்தன் வீட்ல வாந்தி எடுத்தியே, அது ஏன்?” என்று கேட்டார். அந்த வாந்தி உத்தமனுக்கும் அவர் மனைவி லாவண்யாவுக்கும் மட்டுமே தெரியும். உத்தமன் சொல்லியிருக்க மாட்டார். இப்போது அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை, கூப்பிட்டாலும் ஆட்டோவை நிறுத்துவதில்லை.

இது என் சந்தேகம் மட்டுமே. உறுதியாகத் தெரியாததை உறுதிபோல எழுதி, எனக்கு நடந்ததை இன்னொரு பெண்ணுக்குச் செய்ய விரும்பவில்லை. லாவண்யாவாகவே இருந்தாலும் அவர்மீது நடவடிக்கை வேண்டாம். என் வயிற்றோடு தன் கணவரைச் சேர்த்து நினைத்து அவர் எத்தனை நாள் அழுதாரோ. யார் என்று மட்டும் சொன்னால், நேரில் போய்ப் பேசிக்கொள்வேன்.

7. ஐயா, வயிறு மறுபடி ஏறிவிட்டது. குனிய முடியாமல், பலகையை வயிற்றின் மேல் சாய்த்து வைத்து இதை எழுதுகிறேன். வரும் வியாழக்கிழமை நீர் எடுக்கப் போகிறேன். ஒட்டிய வயிற்றோடு திரும்பினால் மறுபடி யார் வந்து எங்கே தோண்டுவார்களோ தெரியவில்லை.

ஆகவே, சோதனையின் முடிவை எழுத்தில் தர உத்தரவிட வேண்டும். வேறு நிலையத்தைச் சேர்ந்த பெண் காவலர் ஒருவரை அன்று என்னுடன் அனுப்ப வேண்டும். அவர் என் கட்டிலருகே நின்று, ஊசி இறங்குவதையும் நீர் வருவதையும் கண்ணால் பார்க்கட்டும். பிறகு சீருடையோடு என்னுடன் ஹெப்பகோடிக்கு வந்து, பார்த்ததை எங்கள் வரிசையின் நடுவில் நின்று கன்னடத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சொல்லட்டும்.

தர்ஷினி பள்ளியிலிருந்து வந்த பிறகு சொல்லச் சொல்லுங்கள்.

இடம்: ஹெப்பகோடி
நாள்: 17.11.2003

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மா. தனக்கோடி