இடாப்பில் ஏழாம் எண்

கருங்காட்டுத் தமிழ் வித்தியாலயம்,
மடுல்சீமை.
2025 ஜூன் 3

மதிப்புக்குரிய மாரிசாமி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் தொலைபேசியில் பேசுவதில்லை என்று உங்கள் பேத்தி சொன்னாள். அவள் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வரும் செப்டெம்பரில் நம் பள்ளிக்கு எழுபத்தைந்து வயது. விழா மலருக்குப் பள்ளியின் வரலாற்றை அதிபராகிய நானே எழுதுகிறேன். பழைய வரவு இடாப்புகளைப் புரட்டினேன். 1953 முதல் 1957 வரை ஏழாம் எண்ணில் உங்கள் பெயர். ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட நீங்கள் தவறவிடவில்லை. இன்று நம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் மூத்த மாணவர் நீங்கள்தான். மேடையில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும், அன்றைய தலைமை ஆசிரியர் வைரவநாதன் அவர்களின் படத்தை உங்கள் கையால் திறக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. அவர் என் தாத்தா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் பள்ளி நாட்களைப் பற்றி நாலு வரி எழுதித் தாருங்கள்.

அன்புடன்,
யசோதினி

*

கீழ்ப் பிரிவு, மூன்றாம் லயம்.
ஜூன் 8

அதிபர் அம்மாவுக்கு,

முழங்கால் வலியைத் தவிர நலம்தான். நாலு வரி கேட்டீர்கள். என் பள்ளி நாட்களுக்கு அரை வரியே அதிகம்.

அம்மா எனக்கு ஒரு சிலேட்டு வாங்கித் தந்தாள். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உங்கள் தாத்தா முன்னால் போய் நின்றேன். கங்காணி மக்களும் கிளாக்கர் மக்களும் பெஞ்சில் இருந்தார்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பள்ளியை ஒட்டியிருந்த தன் வீட்டுப் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே ஒரு செவலைப் பசு. பெயர் சிவத்தி. "நீ மாட்டப் பாத்துக்கடா, இடாப்ப நான் பாத்துக்கிறேன்" என்றார். சொன்ன சொல் தவறாத மனிதர். ஐந்து வருடமும் இடாப்பைப் பார்த்துக்கொண்டார் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

சிலேட்டு என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டீர்கள். உங்கள் வீட்டுப் பால் சட்டிக்கு மூடியாகப் போயிற்று. அளவு சரியாக இருந்ததாம்.

எழுத்து எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், உங்கள் பள்ளியின் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். பசறை பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த மரண அறிவித்தல்களைப் பார்த்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எனக்கு வாத்தியாராக இருந்தவர்கள் எல்லாரும் செத்தவர்கள். உயிரோடு இருந்த வாத்தியாரைவிட அவர்கள் ஒழுங்காகச் சொல்லித் தந்தார்கள்.

இதை அப்படியே வரலாற்றில் போடுங்கள். போட முடியாதென்றால் பொன்னாடையைச் சிவத்திக்குப் போர்த்துங்கள். ஐந்து வருடமும் தவறாமல் பள்ளி வளவுக்கு வந்தவள் அவள்தான்.

இப்படிக்கு,
கா. மாரிசாமி

*

2025 ஜூன் 16

மாரிசாமி ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்தேன். நீங்கள் எழுதியது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். முப்பது பிள்ளைகள் இல்லாவிட்டால் பள்ளியை இழுத்து மூடிவிட்டுக் கொழுந்து நிறுக்கும் மடுவமாக்குவேன் என்று அன்றைய தோட்டத் துரை சொன்னாராம். தாத்தா இடாப்பில் அந்த வரவுக் கோடுகளைப் போடாதிருந்தால் இன்று உங்கள் பேத்திக்குப் பள்ளியே இருந்திருக்காது.

இப்போதும் அதே நிலைதான். இடாப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். முப்பதுக்குக் குறைந்தால் கல்விப் பணிமனைக்காரர்கள் பசறைப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். நம் பிள்ளைகள் தினம் அந்த மலைப் பாதையில் இரண்டு பஸ் பிடிக்க முடியுமா? இந்த நேரத்தில் பழைய இடாப்பு பொய் என்று மலரில் அச்சடித்தால் புதிய இடாப்பையும் நோண்டுவார்கள். மலர் குழுவும் சம்மதிக்காது.

தாத்தாவுக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். இதை நமக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஐயா.

யசோதினி

*

மூன்றாம் லயம்.
ஜூலை 6

அதிபர் அம்மாவுக்கு,

உங்கள் மன்னிப்பு கிடைத்தது. கடித உறையிலேயே பத்திரமாக இருக்கிறது.

கூரையைக் காப்பாற்றினாராம். கூரைக்குக் கீழே யார் உட்கார்ந்தார்கள், யார் வெளியே புல் அறுத்தார்கள் என்று கேட்டால் அது வரலாறு இல்லையாம். புதிய இடாப்பை ஏன் நோண்டுவார்கள் என்று பயப்படுகிறீர்கள்? என் பேத்தியைக் கேட்டேன். எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் நல்லம்மாவின் பேத்தி விதுர்ஷாவின் பெயரைக் கூப்பிடும்போது யாரும் பதில் சொல்வதில்லையாம். டீச்சர் தலை நிமிராமலே கோடு போடுகிறாராம். பெப்ரவரியிலிருந்து.

விதுர்ஷாவின் அம்மா குவைத்தில். நல்லம்மாவுக்குக் கண் தெரியவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பண்டாரவளையில் ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்க்க அனுப்பிவிட்டாள். உங்கள் தாத்தா வைத்திருந்தது மாடு. இது குழந்தை. நாடு முன்னேறித்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை நல்லம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பஸ் மாறிப் போனேன். விதுர்ஷாதான் கேட்டைத் திறந்தாள், இடுப்பில் அந்தக் குழந்தை. பின்னாலேயே வீட்டுக்கார அம்மா வந்து, யார் நீங்கள், இவள் எங்கள் பிள்ளை மாதிரி என்று ஆரம்பித்தாள். நான் சத்தம் போடாமல் கேட்டேன்.

"கவர்மெண்டு இடாப்புப்படி இந்தப் புள்ள இந்நேரம் வகுப்புல உக்காந்திருக்குங்க. அப்ப உங்க கேட்டுல நிக்கிறது யாருங்க?"

அந்த அம்மா உள்ளே திரும்பிப் போனாள். பத்து நிமிடத்தில் துணிப்பையோடு பிள்ளையை அனுப்பிவிட்டாள். உங்கள் பொய்க் கோட்டால் உலகத்துக்கு நடந்த ஒரே நன்மை அதுதான்.

நல்லம்மா வழியெல்லாம் அழுதாள். "சோத்துக்கு என்ன செய்வேன் மாமா" என்றாள். எங்கள் வீட்டில் உலை வைக்கும்போது இரண்டு பிடி அரிசி கூடப் போட்டால் ஆகிவிடும். அது என் பாடு.

நாளைக்கு விதுர்ஷா வருவாள். நிமிர்ந்து பார்த்துக் கோடு போடுங்கள். மற்றபடி விழாவுக்கு நான் வரப்போவதில்லை. உங்கள் தாத்தாவின் படத்தைத் திறக்க எத்தனையோ கைகள் கிடைக்கும். என் கை தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை, பட்டுத் திரைக்கு ஒத்துவராது.

கா. மாரிசாமி

*

2025 ஜூலை 14

மாரிசாமி ஐயாவுக்கு,

விதுர்ஷா போன திங்கட்கிழமை வந்தாள். பெயரைக் கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். "இருக்கேன் டீச்சர்" என்றாள். குரல் எனக்கு மறந்தே போயிருந்தது.

அவளுக்கு நான் போட்ட பொய்க் கோடுகளை வெட்டினேன். இன்னும் மூன்று பேர் தோட்டத்திலேயே இல்லை. அவர்களுடையதையும் வெட்டினேன். இருபத்தொன்பது வருகிறது. கல்விப் பணிமனைக்கு அந்த எண்ணையே எழுதிவிட்டேன். விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பள்ளி நிற்குமா என்று தெரியவில்லை. அந்த மூன்று வீடுகளுக்கும் நாளை போகிறேன்.

வரலாற்றின் முதல் பக்கத்தில் உங்கள் முதல் கடிதம் வருகிறது. சிவத்தி வரும் வரிகளையும் நீக்கவில்லை. குழுவிலிருந்து இருவர் விலகிவிட்டார்கள். தாத்தாவின் படத்தை என் அத்தை வந்து வாங்கிக்கொண்டு போனார்.

பழைய இடாப்புகள் ஐந்தையும் எடுத்து, ஏழாம் எண்ணுக்கு நேரே இருந்த கோடுகளைச் சிவப்பு மையால் ஒவ்வொரு நாளாக வெட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையொப்பமிட்டேன். ஆயிரத்துக்கு மேல் இருந்தன. மூன்று நாள் ஆயிற்று.

விழாவுக்கு வரச்சொல்லி இனிக் கேட்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, தாத்தா கடைசியாக இருந்த பதுளை வீட்டுக்குப் போய்ப் பழைய சமையலறையிலும் பரணிலும் உங்கள் சிலேட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை, ஐயா.

யசோதினி