முப்பத்தெட்டு நிமிடப் பிணம்

மார்ச் 3, செவ்வாய்

எக்ஸ்ரேக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இருவரும் சண்டையில்தான் போய் நிற்கிறீர்கள், எதுவானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். அதனால் இந்தக் கடிதம்.

விவாகரத்துப் பத்திரங்கள் வந்து சேர்ந்தன. நான்தான் கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஏன் என்று ஒரு வரி கேட்காமல் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டீர்களே. என் கையெழுத்துக்கு ஏப்ரல் முப்பது வரை டைம் கொடுத்திருக்கிறார்கள்.

அது கிடக்கட்டும், வேறு ஒரு சமாச்சாரம். எங்கள் தெருக்கோடி சமூகக் கூடத்தில் வருடம் ஒரு நாடகம் போடுவார்களே, இந்த வருடம் கொலை மர்ம நாடகம். நடிக்க ஆள் தேர்வு என்ற நோட்டீஸை பஸ் டிப்போவில், பயணிகள் மறந்துவிட்டுப் போன சாமான்களைத் திருப்பிக் கொடுக்கும் என் கவுன்ட்டர் கண்ணாடியிலேயே வந்து ஒட்டினார்கள். தொலைந்த குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போய்ப் பார்ப்போமே என்று போனேன்.

இயக்குபவர் நம் பல் டாக்டர். துப்பறிபவர் வேஷம் தபால்காரருக்கு. நான் கேட்டது வாயாடி அத்தை வேஷம். எனக்குப் பொருத்தம் என்று நீங்களே சொல்வீர்கள். மேடையில் ஏறி நின்றேன், வாய் திறக்கவில்லை. ஒரு வரி வரவில்லை. "பரவால்ல, அப்படிச் சோபாவுல கொஞ்சம் படுங்க, மத்தவங்க வசனத்தைப் பார்த்துக்கிறேன்" என்றார் டாக்டர். படுத்தேன். அவர்கள் பேசினார்கள், சண்டை போட்டார்கள், டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் நான் அப்படியே கிடக்கிறேன். பிணத்துக்குப் பழைய துணி அடைத்த பொம்மை வைப்பதாக இருந்தார்களாம். "பொம்மையை விட நீங்க தேவலைங்க" என்றார்.

ஆனால் இன்னும் முடிவாகவில்லை. அடுத்த சனிக்கிழமை இரண்டாம் தேர்வு. பல் பார்க்கும் அந்தக் குட்டிக் கண்ணாடியை மூக்கருகே பிடிப்பாராம். கண்ணாடி மங்கினால் வேஷம் பொம்மைக்கு. முதல் அங்கம் முழுக்க, முப்பத்தெட்டு நிமிடம், நடு மேடையில் கிடக்க வேண்டும்.

நாள் முழுக்க ஊரார் மூச்சைப் பிடிக்கவும் விடவும் சொல்கிற மனிதர் நீங்கள். ஏதாவது வழி இருந்தால் எழுதுங்கள். எனக்கு இந்த வேஷம் வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள். கேட்கவும் மாட்டீர்கள்.

இப்படிக்கு,
வாயாடி

மார்ச் 9, திங்கள்

வாயாடிக்கு,

உன் கடிதத்தை எக்ஸ்ரே ரூமில் வைத்துப் படித்துச் சிரித்தேன். நீ முப்பத்தெட்டு நிமிடம் பேசாமல் இருக்கப்போகிறாய் என்றால் டிக்கெட்டுக்கு நான் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

வழி சொல்கிறேன், கேட்டுக்கொள். நெஞ்சால் மூச்சு விடாதே, எழும்பி இறங்குவது கடைசி வரிசை வரை தெரியும். கனமான துணி உடுத்து. சுவர்ப் பக்கமாக ஒருக்களித்துப் படு, முதுகுப் பக்க விலா விரியும்படி கொஞ்சமாக இழு. மூக்கால் விடாதே. உதட்டு ஓரத்தைத் தலையணையில் அழுத்தி, அந்தத் துணிக்குள் விட்டுவிடு, கண்ணாடி மங்காது. யாராவது சத்தமாகப் பேசும்போது முழு மூச்சு எடுத்துக்கொள். எல்லோரும் பேசுகிறவரைத்தான் பார்ப்பார்கள்.

முக்கியமான ஒன்று. நான் காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வரும்போது செய்வாயே, அப்படிச் செய்யாதே. அது ரொம்ப ஒழுங்கான மூச்சு. நிஜத் தூக்கத்தில் நடுவில் ஒரு மூச்சு தவறும், விரல் லேசாகத் துடிக்கும். எண்ணி எண்ணி விடுவது தெரிந்தவன் கண்ணுக்குத் தப்பாது.

இங்கே மழை. புது ஆஸ்பத்திரியில் மிஷின் நல்லது, நாற்காலிதான் மோசம். தேர்வில் ஜெயித்தால் எழுது.

அன்புடன்,
எக்ஸ்ரேக்காரன்

மார்ச் 16, திங்கள்

எக்ஸ்ரேக்காரருக்கு,

கண்ணாடி மங்கவில்லை. டாக்டர் இரண்டு முறை துடைத்துத் துடைத்துப் பிடித்துப் பார்த்தார். "அம்மா, உயிரோடதான இருக்கீங்க?" என்று கேட்டு எழுப்பினார். வேஷம் எனக்குத்தான். நன்றி.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். நான் தூங்கவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா? எத்தனை நாள் தெரியும்?

அப்பா போனதற்குப் பிறகு தினமும் மதியம் நான் கண்ணை மூடிப் படுத்திருந்தது உங்களைப் பார்க்கப் பிடிக்காமல் இல்லை. வந்து தோளைத் தொட்டு, எழுந்திரு, பேசணும் என்று சொல்ல மாட்டீர்களா என்றுதான். திரைச்சீலை வழியாக மஞ்சள் வெளிச்சம் விழும். நீங்கள் வாசலில் நிற்பது இமைக்குள்ளேயே தெரியும். கொஞ்ச நேரத்தில் அந்த நிழல் நகர்ந்துவிடும். பாவம், நான் தூங்குகிறேன் என்று நம்பிப் போகிறார் என நினைத்திருந்தேன். பதினோரு மாதம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்பாவின் எக்ஸ்ரேயை எடுத்தது நீங்கள். நெஞ்சுப் படத்தில் அந்த நிழலைப் பார்த்ததும் நீங்கள். ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் லீவு முடிந்து வந்து சொல்லும்வரை பத்தொன்பது நாள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், வாய் திறக்கவில்லை. முன்னாலேயே தெரிந்திருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார் என்றார்கள். எனக்கு அது கேள்வியே இல்லை. அந்தப் பத்தொன்பது நாளும் அப்பா நம் ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். வாசனைல தலை வலிக்குது, சும்மா இருக்க மாட்டீங்களா என்று நான் சிடுசிடுத்துக்கொண்டிருந்தேன். தெரிந்திருந்தால் ஒரு நாளாவது கூட ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே.

தெரிந்தும் சொல்லாமல் இருப்பது உங்கள் தொழிலா, குணமா?

இப்படிக்கு,
நான்

மார்ச் 20, வெள்ளி

உனக்கு,

எல்லா நாளும் தெரியும். முதல் நாளே தெரியும்.

என் முகத்தில் விழிக்க உனக்கு இஷ்டமில்லை, அதனால்தான் படுத்திருக்கிறாய் என்று நினைத்தேன். அதற்காகத்தான் மாடிப்படியிலேயே ரப்பர் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வருவேன், கீச்சென்று சத்தம் வரக்கூடாது என்று. சமையலறையில் நின்றபடியே சாப்பிடுவேன். தட்டைக் கழுவாமல் தண்ணீரில் போடுவேன். வாசலில் நிற்கும்போது உன் மூச்சை எண்ணுவேன். நீயும் எண்ணிக்கொண்டிருப்பாய். ஒரே எண்ணிக்கைதான் வரும். அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது என்றுகூடச் சொல்வேன். கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பதுதானே என் வேலை.

மாமா விஷயம். படத்தில் இருப்பதை நாங்கள் சொல்லக்கூடாது என்பது விதிதான். ஆனால் அதைச் சொல்லி உன்னிடம் தப்பிக்க மாட்டேன். பயந்தேன். நீ அழுவதைப் பார்க்கும் நாளைத் தள்ளிப் போட்டேன். தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மாமா ஏணியில் நின்றுகொண்டு, "மாப்ள, அந்த டப்பாவ எடுங்க" என்பார். எடுத்துக் கொடுப்பேன்.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

எக்ஸ்ரேக்காரன்

ஏப்ரல் 4, சனி

எக்ஸ்ரேக்காரருக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதிலாக என்னென்னவோ எழுதிக் கிழித்துப் போட்டேன். கோபம் போகவில்லை. ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறிய ஆளை நினைத்தால் கோபத்தை முழுதாக வைத்திருக்கவும் முடியவில்லை. அதுதான் பெரிய தொல்லையாக இருக்கிறது.

ஒத்திகை நடக்கிறது. நான் பணக்கார அம்மாள், விஷம் வைத்துவிட்டார்கள். மேடையில் படுத்துக் கண்ணை மூடினால் விளக்குச் சூடு இமையில் சிவப்பாக நிற்கிறது. எல்லோரும் என்னைச் சுற்றி நடக்கிறார்கள், என்னைப் பற்றியே பேசுகிறார்கள். குரல்கள் எங்கோ ஏரிக்கு மேலிருந்து வருவது போலவும் நான் அடியில் மிதப்பது போலவும் இருக்கும். "அந்தம்மா நல்லவங்கதான், ஆனா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க" என்று வேலைக்காரி சொல்லும் வசனம் ஒன்று உண்டு. தினமும் அந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்து பதில் சொல்லத் தோன்றுகிறது.

இதோடு ஒரு டிக்கெட் வைத்திருக்கிறேன். 18ஆம் தேதி, சனி, மாலை நான்கு மணி. இந்தக் குழுவுக்கு ஒரு பழக்கம். இடைவேளையில் கொலையாளி யார் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். நாடகம் முடிந்ததும் டாக்டர் எல்லாச் சீட்டையும் மேடையில் உரக்க வாசிப்பார். அப்போது பிணத்தைத் திரும்பக் கிடத்துவார்கள், வாசித்து முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது.

வந்தே ஆக வேண்டும் என்றில்லை. பத்திரம் மேசைமேல்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
வாயாடி

ஏப்ரல் 10, வெள்ளி

வாயாடிக்கு,

டிக்கெட் கிடைத்தது. அன்றைக்குக் காலை ஷிப்ட் இருக்கிறது, மறுநாள் விடிகாலை ஷிப்டும் இருக்கிறது. பார்க்கிறேன்.

எக்ஸ்ரேக்காரன்

ஏப்ரல் 19, ஞாயிறு

என்னுடைய எக்ஸ்ரேக்காரருக்கு,

"பார்க்கிறேன்" என்று எழுதினால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? நீங்கள் வரமாட்டீர்கள் என்றுதான் போய்ப் படுத்தேன்.

முதல் அங்கம் நல்லபடியாகப் போனது. நீங்கள் சொன்ன மாதிரியே விட்டேன், ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. சபையில் எங்கோ ஒரு ரப்பர் ஷூ கீச்சிட்டது. ஊரில் எத்தனை ரப்பர் ஷூ இல்லை என்று மனதை அடக்கிக்கொண்டேன். கடைசியில் என்னைத் திரும்பக் கொண்டுவந்து மல்லாக்கக் கிடத்தினார்கள். டாக்டர் பெட்டியைத் திறந்து வாசித்தார். வேலைக்காரி, மருமகன், மருமகன், சமையல்காரர் என்று போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு சீட்டை எடுத்தார். வாசித்தார்.

"அம்மாள் சாகவில்லை. முழுக்க விழித்திருந்தாள். அது ஒருத்தனுக்குத் தெரியும். தெரிந்தும் எழுப்பாமல், ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு போனான். அவன்தான் கொலையாளி."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. "யாருங்க இவரு, என் நாடகத்தையே மாத்திட்டாரு" என்றார் டாக்டர். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, அடக்கப் போக அழுகையாகிவிட்டது. கண்ணீர் காதுக்குள் இறங்கியது. நீங்கள் சொல்லிக் கொடுத்த மூச்சு வித்தையெல்லாம் போயிற்று, நெஞ்சு எழும்பி எழும்பி இறங்கியது. முன்வரிசையில் ஒரு அம்மாள், "ஐயோ, பிணம் அழுவுதுங்க" என்றார். தபால்காரர்தான் பெரிய மனது பண்ணித் துப்பறிபவர் கோட்டைக் கழற்றி என் முகத்தில் போட்டார்.

எழுந்ததும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை மாவு அப்பிய முகத்தோடு வாசலுக்கு ஓடினேன். டிக்கெட் கிழிப்பவர், "அவரு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு இப்பத்தான் போனாரு, குடையை விட்டுட்டாரு" என்றார். கைப்பிடியில் நான் கட்டிய பச்சை நூல் இன்னும் இருக்கிறது.

அப்பா விஷயம் ஆறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதை நேரில் பேச வேண்டும். நான் கத்துவேன். நீங்கள் நின்று கேட்க வேண்டும், கண்ணாடிக்குப் பின்னால் போகக் கூடாது.

பத்திரத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. குடைக்குச் சீட்டு எழுதிக் கட்டிவிட்டேன். எங்கள் ஆபீஸ் விதிப்படி, உரியவர் நேரில் வந்து அடையாளம் சொன்னால்தான் கொடுப்போம். வேறு யாரையும் அனுப்ப முடியாது.

26ஆம் தேதி ஞாயிறு உங்களுக்கு ஷிப்ட் இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன். மூன்று மணிக்கு வீட்டுக்கு வாருங்கள். கதவு சாத்தியிருக்கும், தாழ்ப்பாள் போட்டிருக்காது. ஷூவைக் கழற்றாதீர்கள், படியேறும் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும். நான் கண்ணை மூடிப் படுத்திருப்பேன்.

தூங்கியிருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி